காலி ஆணி

"கெட்டியா புடிம்மா. ஆடுது."

"புடிச்சிருக்கேன் சார். நீங்க அறுங்க."

ஏணி நல்ல ஏணி, மேடம். எங்கள் ஆய்வு மையத்தில் பல்பு மாற்றுவதற்கென்று வாங்கிய அலுமினிய ஏணி. அதன் உச்சியில் முனிரத்தினம் சார் நின்றுகொண்டிருந்தார். கையில் காய்கறிக் கத்தி. சாம்பியன் ரீப்ஸ் பஸ் ஸ்டாப்புக்குப் பின்னால் பழைய தங்கச் சுரங்கத்தின் இரும்புத் தூண்கள் இரண்டு நிற்கின்றனவே, அவற்றுக்கு நடுவில் கட்டியிருந்த ஃப்ளெக்ஸின் கயிறுகளை அவசர அவசரமாக அறுத்துக்கொண்டிருந்தார். ஃப்ளெக்ஸில் இருந்தவரும் அவர்தான். தலையைச் சுற்றி ஒளிவட்டம், இரண்டு பக்கமும் குத்துவிளக்கு, மேலே பெரிய எழுத்தில் ‘கண்ணீர் அஞ்சலி’.

தன் சாவு அறிவிப்பைத் தானே இறக்குகிற வாய்ப்பு எல்லோருக்கும் கிடைப்பதில்லை.

பெங்களூரிலிருந்து எங்கள் இணையதளத்தை மதிப்பிடும் குழு அன்று அந்த வழியாகத்தான் காரில் வருவதாக இருந்தது. அவர்கள் கண்ணில் ஃப்ளெக்ஸ் படக்கூடாது என்று சார் துடித்தார்.

"மூக்கப் பாத்தியா மமதா? அந்த ஃப்ளெக்ஸ் கடை ஃப்ரெடி எம் மூக்க முறம் மாதிரி இழுத்து வுட்டிருக்கான்."

"ஃபோட்டோ சின்னது சார். பெருசு பண்ணா அப்டிதான் ஆவும்."

பஸ்ஸுக்குக் காத்திருந்த கீரைக்கார கோவிந்தம்மா கூடையோடு வந்து அண்ணாந்து பார்த்தார்.

"இன்னா சாரே, செத்தும் வேலை செய்யிறியா?"

"நான் சாவல கோவிந்தம்மா. யாரோ கிளப்பி வுட்டது."

"அதெல்லாம் எனக்குத் தெரியாது. நேத்து இதே எடத்துல நின்னு உனக்கோசரம் அழுதேன். அழுதது அழுததுதான். திருப்பியெல்லாம் வாங்கிக்க மாட்டேன்."

சார் ஏணியின் மேலேயே குலுங்கிச் சிரித்தார். நான் இன்னும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். கீழே பழைய மெஷின் நின்ற காங்கிரீட் மேடை. அதில் துருப்பிடித்த போல்ட்டுகள் விரல் விரலாக நீட்டிக்கொண்டிருக்கும். கவனமாக இருக்க வேண்டிய இடம்.

நீங்கள் கேட்பது ஏணியைப் பற்றி. ஆனால் தேடல் பெட்டியைப் பற்றிச் சொல்லாமல் ஏணி உங்களுக்குப் புரியாது. அதையும் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் தளத்துக்குப் பெயர் தங்கவயல் ஆய்வுக் களஞ்சியம். இந்த ஊரைப் பற்றி யார் ஆராய்ச்சி செய்தாலும் அந்தக் கட்டுரை அதில் இருக்கும். இருக்கும், ஆனால் கிடைக்காது. நான் வேலைக்குச் சேர்ந்தபோது தேடல் பெட்டியில் சுரங்கக் குழிக்கு ‘ஷாஃப்ட்’ என்று போட்டால் முதலில் வருவது நூலக விடுமுறை அறிவிப்பு. அதற்கடுத்து மையத்தின் இயக்குநர் சிவகுமார் சார் பொன்னாடை போர்த்திக்கொள்ளும் படம். ஆய்வாளர்கள் தேடித் தேடிச் சலித்துப்போய்க் கடைசியில் ஃபோன் செய்து கேட்பார்கள்.

நான் அதற்கு முன்னால் பெங்களூருக்கு ரயிலில் போய்வந்துகொண்டிருந்தவள். இருட்டில் கிளம்பி இருட்டில் திரும்புகிற கூட்டம் நாங்கள். என் அப்பா சுரங்கக் கூண்டில், கேஜில், இறங்கிச் செய்ததை நான் ரயிலில் ஏறிச் செய்தேன், அவ்வளவுதான். ஊரிகத்தில் எங்கள் சுரங்கத் தொழிலாளர் லைன் வீட்டு வாசலில் வெயில் எந்தப் பக்கம் விழுகிறது என்பதே இந்த வேலை கிடைத்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. அந்த வெயிலை விட எனக்கு மனமில்லை. இதை முக்கியமாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

சிவகுமார் சார் ஒரு நாள் என்னைக் கூப்பிட்டார்.

"மமதா, தளத்துக்கு ஆளே வர்றதில்ல. அடுத்த மதிப்பீட்டுக்குள்ள கூட்டம் ஏறலன்னா மூடிடுவாங்க. கட்டுரையெல்லாம் பெங்களூர் கம்பெனி ஒன்னுக்குப் போயிடும்."

"அப்போ நான் சார்?"

"நீயா? நீ மறுபடி ட்ரெயின் புடி."

அவர் கெட்டவர் இல்லை. நிலைமையைச் சொன்னார்.

நான் வேலையை ஆரம்பித்தேன். தேடலைச் சரிசெய்தேன். முதல் இரண்டு எழுத்து அடித்ததும் மீதியைத் தானே ஊகித்துச் சொல்லும்படி செய்தேன். அதிகம் படிக்கப்பட்ட கட்டுரை தானாக மேலே ஏறும்படி வைத்தேன். ஒவ்வொரு கட்டுரையின் கீழும் வாசகர்கள் எழுத இடம் கொடுத்தேன். எல்லாம் ஒழுங்காக வேலை செய்தது. வாசகர்கள்தான் வரவில்லை.

அப்போதுதான் டோக்கன் பலகை என் மனதில் வந்தது.

சுரங்கத்தில் இறங்குகிறவர் பலகையிலிருந்து தன் பித்தளை டோக்கனை எடுத்துக்கொண்டு போவார். ஷிஃப்ட் முடிந்து மேலே வந்ததும் அதே ஆணியில் மாட்டுவார். எல்லோரும் வந்த பிறகும் ஓர் ஆணி காலியாக இருந்தால் அந்த ஆள் இன்னும் கீழே என்று அர்த்தம். வெளியே நிற்கிற பெண்கள் பலகையைத்தான் பார்ப்பார்கள். மேஸ்திரி முகத்தைப் பார்க்க மாட்டார்கள்.

அதையே படமாக வரைந்து தளத்தின் முகப்பில் வைத்தேன். ஒவ்வொரு ஆய்வாளர் பெயருக்கும் ஓர் ஆணி. தளத்துக்கு வந்து போகிறவருடைய டோக்கன் ஆணியில் தொங்கும். ரொம்ப நாள் எட்டிப் பார்க்காதவருடைய ஆணி காலியாகிவிடும். அவர்களுக்கு ஒரு ரோஷம் வந்து உள்ளே நுழைவார்கள் என்று நினைத்தேன். பெங்களூர்க்காரர்கள் பார்த்துவிட்டு ரொம்ப அழகாக இருக்கிறது என்றார்கள். அவர்களுக்கு அது படம்.

எங்கள் ஊர்க்காரர்களுக்கு அது படம் இல்லை.

முனிரத்தினம் சார் ஓய்வு பெற்ற பள்ளி வாத்தியார். ஓய்வுக்குப் பிறகு உட்கார்ந்து, லைன் வீடுகளின் பொதுக்குழாய்ச் சண்டைகளைப் பற்றி ஆராய்ச்சி செய்து டாக்டர் பட்டம் வாங்கியவர். எந்தக் குழாயில் எந்தக் குடும்பம் எந்தக் குடத்தால் யாரை அடித்தது என்பதெல்லாம் அதில் இருக்கிறது. நல்ல கட்டுரை. எழுதியவரைத் தவிர யாரும் படித்ததில்லை. அவரும் பாஸ்வேர்டை மறந்துபோய் வெகுகாலமாக உள்ளே வரவில்லை. அதனால் அவர் ஆணி காலி.

ஆஸ்திரேலியாவில் இருக்கிற ஏசுபாதம் என்பவர் அதை முதலில் பார்த்தார். எங்கள் ஊர் மனிதர், சாரிடம் படித்தவர். கட்டுரையின் கீழே எழுதினார்: ‘முனிரத்தினம் சார் போய்விட்டாரா? என் காதைத் திருகித் திருகியே எனக்குக் கணக்கு வரவைத்தவர். அவர் ஆத்மா சாந்தியடையட்டும்.’

மறுநாள் மத்தியானத்துக்குள் பழைய மாணவர்கள் சாரிசாரியாக வந்துவிட்டார்கள். சென்னை, ஓசூர், துபாய். காது திருகப்படாதவர் ஒருவர்கூட இல்லை. அழுதவர்கள் சும்மா போகவில்லை. சார் எழுதிய கட்டுரையையும் படித்தார்கள். தங்கள் பாட்டி யாரைக் குடத்தால் அடித்தார் என்று தெரிந்துகொண்டு, அதைச் சொந்தக்காரர்களுக்கு அனுப்பினார்கள்.

தவறைத் திருத்தத்தான் நான் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன். சத்தியமாக. அப்போது பக்கத்திலிருந்த எண் ஏறிக்கொண்டே இருந்தது. வருஷம் முழுக்கத் தளத்துக்கு வராத கூட்டம் ஒரே நாளில் வந்திருந்தது. இவ்வளவு பேர் வந்திருக்கும்போது கதவைச் சாத்துவது மரியாதையா?

வாசகருக்கு என்ன தேவையோ அதைக் கொடுப்பதுதான் என் வேலை. அவர்களுக்குப் பூ வைக்க ஓர் இடம் தேவைப்பட்டது. ‘மலர் வைக்க’ என்று ஒரு பொத்தான் வைத்தேன். அழுத்தினால் ஒரு சாமந்தி விழும். தேடல் பெட்டியில் ‘முனி’ என்று அடித்தாலே ‘முனிரத்தினம் எப்படி இறந்தார்’ என்று அதுவே சொல்ல ஆரம்பித்தது. அதை நான் எழுதவில்லை. ஜனங்கள் கேட்டதைப் பார்த்து அது கற்றுக்கொண்டது.

இரண்டு நாளில் சாரே மையத்துக்கு வந்தார். வாசலில் நின்று, "இன்னாம்மா, நான் செத்துட்டேனாமே?" என்றார்.

நான் டீ போட்டுக் கொடுத்து எல்லாவற்றையும் படித்துக் காட்டினேன். சார் கண்ணாடியைக் கழற்றிக் கழற்றித் துடைத்தார்.

"இவன் பாரு, உசுரோட இருக்கசொல்ல என்னைத் தெருவுல பாத்தா அந்தப் பக்கம் போயிடுவான். இப்போ தெய்வம்ன்றான்."

"எடுத்துடட்டுமா சார்?"

"இருக்கட்டும், இருக்கட்டும். ஹெட்மாஸ்டர் சின்னசாமி இன்னும் எழுதல. அவன் இன்னா எழுதுறான்னு பாத்துட்டு எடுக்கலாம்."

ஆக, அது அவருடைய சம்மதத்தோடுதான் நடந்தது. சிவகுமார் சாரும் எண்களைப் பார்த்துப் பூரித்துப்போனார். காரணம் கேட்கவில்லை. தேடலை மேம்படுத்தினேன் என்று மட்டும் சொன்னேன்.

ஆனால் கூட்டம் ஒரு சாவோடு நிற்காது. ஒரு வாரத்தில் எண் இறங்க ஆரம்பித்தது.

பார்வதம்மாவை உங்களுக்குத் தெரிந்திருக்கும். லைன்களில் பன்றி வளர்ப்பதைப் பற்றி ஆராய்ச்சி செய்தவர். தினமும் காலையில் தளத்துக்கு வந்து, தன் கட்டுரையை யாராவது படித்தார்களா என்று பார்த்துவிட்டுப் போவார். அதனால் அவர் டோக்கன் எப்போதும் ஆணியில் தொங்கும். ஓர் ஆணி காலியாக வேண்டுமென்றால் இரண்டு வழிதான் உண்டு. ஆள் வராமல் இருக்க வேண்டும். அல்லது வர விடாமல் இருக்க வேண்டும். நான் அவருடைய பாஸ்வேர்டை மாற்றினேன்.

"மமதா, இன்னாடி இது, உள்ள வுட மாட்டேன்னுது?"

"சர்வர் தகராறு அம்மா. பொறுங்க, பாக்குறேன்."

அவர் பொறுத்தார். ஊர் பொறுக்கவில்லை. சாமந்தி கொட்டியது. விஷயம் தெரிந்தபோது பார்வதம்மா என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன். அவர் சொன்னது இதுதான்: "செத்தா செத்துட்டுப் போறேன், வுடு. பன்னின்னாலே மூக்கப் புடிச்சிகினு ஓடினவனெல்லாம் இப்போ ஒக்காந்து படிக்கிறான் பாரு."

அப்புறம் விநாயக், அதே வழியில். பெங்களூரில் பிஎச்.டி. படிக்கிற பையன். சின்ன வயதுக்கு மலர் அதிகம் விழும் என்பது என் கணிப்பு, சரியாகவே இருந்தது. ‘முனிரத்தினத்துக்கு மலர் வைத்தவர்கள் இவருக்கும் வைத்தார்கள்’ என்று ஒரு பரிந்துரையும் சேர்த்திருந்தேன். விநாயக்கின் அம்மா இங்கே நம் ஊர் பாலகாட்டில் இருக்கிறார். யாரோ அவசரப்பட்டு அவருக்கு ஃபோன் போட்டுவிட்டார்கள். மயங்கி விழுந்ததில் மணிக்கட்டு முறிந்துவிட்டது. எனக்கு வருத்தமாக இருந்தது. அன்றே ‘பகிர்’ பொத்தானைக் கொஞ்சம் சின்னதாக்கினேன்.

விநாயக் எனக்கு ஃபோன் செய்தான். "மேடம், நான் நல்லாதான் இருக்கேன்னு தளத்துல ஒரு வரி போடுங்க, ப்ளீஸ். ஹாஸ்டல்ல என்னைப் பாத்தா பசங்க ‘பூதம், பூதம்’னு கிண்டல் பண்றாங்க."

"போடுறேன்ப்பா. வரிசையில இருக்கு."

இந்த நேரத்தில்தான் சின்னசாமி அஞ்சலி எழுதினார். அழகான அஞ்சலி. அதன் நடுவில், குழாய்ச் சண்டையை ஆராயலாம் என்ற யோசனையே தன்னுடையதுதான் என்றும், நண்பருக்குப் பெருந்தன்மையோடு அதை விட்டுக்கொடுத்ததாகவும் எழுதியிருந்தார். அதற்குத்தான் அதிகமான சாமந்தி விழுந்தது.

முனிரத்தினம் சார் அப்படிக் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. "செத்தவன் வாயத் தொறக்க மாட்டான்ற தைரியத்துல எழுதியிருக்கான். போதும்மா. நான் செத்தது போதும். என் டோக்கன மாட்டு."

"மதிப்பீடு முடியட்டும் சார். நானே மாட்டுறேன்."

"முடியாது. குழு வர்ற அன்னிக்கு நேரா போய் நிக்கப்போறேன். நான்தான் முனிரத்தினம், கொழாய்க் கட்டுரை என்னுதுதான்னு சொல்லப்போறேன்."

அதே வாரம் சிவகுமார் சார் இன்னொன்று சொன்னார். குழுவில் தகவல்களைச் சரிபார்க்கிற ஒருவரும் வருகிறார். மற்றதெல்லாம் எப்படியிருந்தாலும், ஒரே ஒரு தவறான தகவல் அகப்பட்டால் போதும், தளத்துக்கு மங்களம் பாடிவிடுவார்.

நான் உட்கார்ந்து நிதானமாக யோசித்தேன். சாரின் டோக்கனை மாட்டினால் பூக்களை எடுக்க வேண்டும். உலகம் முழுவதிலுமிருந்து மனமுருகி வைத்த பூ. எடுத்தால் அந்த ஜனங்கள் தளத்தின் பக்கம் மறுபடி தலைவைத்துப் படுப்பார்களா? சார் உயிரோடு இருக்கிறார் என்றால் பார்வதம்மா எப்படி, விநாயக் எப்படி என்ற கேள்வி வரும். தளம் போகும். கட்டுரைகள் போகும். அந்தக் குழாய்ச் சண்டைக் கட்டுரையும் போகும், அதை யோசியுங்கள். நான் மறுபடி இருட்டில் கிளம்புவேன்.

தகவலும் உண்மையும் ஒத்துப்போகவில்லை என்றால் அதைத் திருத்த இரண்டு இடம் இருக்கிறது. ஒன்று, தகவல்.

குழு வருகிற காலை சார் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு மையத்துக்கு வந்தார். வழியில் ஃப்ளெக்ஸைப் பார்த்திருந்தார். பழைய மாணவர்கள் பணம் போட்டு ஃப்ரெடியின் கடையில் செய்தது. அச்சுக்கான ஃபோட்டோவை அவர்கள் எங்கள் தளத்திலிருந்துதான் எடுத்தார்கள். அந்த வசதியும் நான் சேர்த்ததுதான்.

"இத்த பாத்துட்டு வந்தா குழுக்காரங்க என்னை பேய்ன்னுவாங்க. ஏணி இருக்கா?"

"இருக்கு சார். தனியா ஏறாதீங்க. நானும் வரேன்."

காய்கறிக் கத்தியையும் நான்தான் எடுத்துக் கொடுத்தேன்.

மற்றது உங்களுக்குத் தெரியும். கோவிந்தம்மா உங்களிடம் சொன்னதும் சரி. அவர் இருக்கிற வரை நான் ஏணியை விடவில்லை. பஸ் வந்தது, கூடையோடு ஏறிப்போனார். அவர் பார்த்தது அவ்வளவுதான்.

பஸ் போன பிறகு அந்த இடத்தில் காற்று மட்டும்தான். சுரங்கக் கழிவு கொட்டிய சயனைட் மேட்டிலிருந்து கொஞ்சம் வெள்ளைப் புழுதி எழும்பிற்று. சார் மூன்று முனைகளை அறுத்துவிட்டு நாலாவதுக்கு எட்டினார்.

"மமதா."

"சார்."

"சாயங்காலம் என் டோக்கன நானே மாட்டுறேன். எப்டின்னு சொல்லிக்குடு, இன்னா?"

"கண்டிப்பா சார்."

விபத்து என்று நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். ஏணி வழுக்கியிருக்கலாம் என்று. அதைத்தான் ஆரம்பத்திலேயே சொன்னேன், அது நல்ல ஏணி. கையை எடுத்தேன், அப்போதும் அது அசையாமல் நின்றது. காலால் ஒரு தள்ளு தள்ள வேண்டியிருந்தது.

ஃப்ளெக்ஸும் கூடவே இறங்கி அவரைப் போர்த்திக்கொண்டது. பார்ப்பதற்கு ஒழுங்காகவே இருந்தது. குழுவினர் காரை நிறுத்தி இறங்கி, தலைகுனிந்து வணங்கினார்கள். தகவல் சரிபார்க்கிறவர் ஃப்ளெக்ஸைப் பார்த்தார், கைப்பேசியில் எங்கள் தளத்தைப் பார்த்தார், தலையை ஆட்டிக்கொண்டார். இறந்த தேதியை மட்டும் நான் மாற்ற வேண்டியிருந்தது. மத்தியானமே மாற்றிவிட்டேன். தளத்துக்கு நல்ல மதிப்பெண் கிடைத்தது. சின்னசாமியின் அஞ்சலியையும் எடுத்துவிட்டேன். குழாய்க் கட்டுரை முனிரத்தினம் சாருடையதுதான், அதில் யாரும் பொய் சொல்லக் கூடாது. என் வீட்டு வாசலில் வெயில் இப்போதும் விழுகிறது.

அவ்வளவுதான் மேடம். கையெழுத்து எங்கே போட வேண்டுமோ சொல்லுங்கள். அதற்கு முன் என் லேப்டாப்பைக் கொஞ்சம் திருப்பிக் கொடுத்தால் உதவியாக இருக்கும். வேலையை அரைகுறையாக விடுவது எனக்குப் பழக்கமில்லை. பார்வதம்மா, விநாயக், இந்த இருவர் பக்கத்திலும் தகவல் இன்னும் தவறாகத்தான் இருக்கிறது.